ஐந்து படகுக்கு இரண்டு கொம்பு

என் வீட்டுக்காரர் ராத்திரி வீட்டில் தங்குவதில்லை என்று சொன்னால் கேட்கிறவர்கள் முகம் ஒரு மாதிரி போய்விடும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவர் போய்ப் படுப்பது படகில். எண்ணூர் கழிமுகத்தில், எங்கள் குப்பத்தை ஒட்டிய சின்ன ஜெட்டியில், படகு அணையும் கான்கிரீட் மேடையில், கட்டிக் கிடக்கும் எங்கள் ஃபைபர் படகில். காற்று கொஞ்சம் எழுந்தால் போதும், தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

காரணம் இல்லாமல் இல்லை. இதற்கு முந்தைய படகைத் தண்ணீருக்குள் நட்ட ஒரு மரக்கம்பில்தான் கட்டிப்போடுவார். ஒரு மழைக்காலத்தில் வாடைக்காற்று அந்தக் கம்பை அடியோடு பிடுங்கிவிட்டது. படகு முகத்துவாரம் வழியாக வெளியே போய், கடல் அரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவுக்குக் கொட்டிய கருங்கல்லில் மோதிச் சிதறிவிட்டது. விடிந்து போய்ப் பார்த்தால் கம்பும் கயிறும் கல்லிடுக்கில் கிடந்தன. அவர் போட்ட முடிச்சு மட்டும் அவிழாமல் அப்படியே இருந்தது. கடன் உடன் பட்டு இரண்டாவது படகு வாங்கிய நாளிலிருந்து அவருக்குக் கம்பு, கயிறு, காற்று எதன்மேலும் நம்பிக்கை கிடையாது. தன் உடம்பை மட்டும்தான் நம்புவார். அந்த உடம்புக்கோ வீசிங், மூச்சிழுப்பு. "இன்னும் ஒரு மழைக்காலம் பனியில இப்படிப் படுத்தீங்கன்னா அப்புறம் ஆஸ்பத்திரியிலதான் படுக்கணும்" என்று டாக்டரம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மழைக்காலம் தொடங்குவதற்குள் இந்த மனுஷனை வீட்டுக்குள் படுக்கவைத்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

நான் கடலோரத்துப் பெண் இல்லை. அப்பா தெற்கேயிருந்து வந்து திருவொற்றியூரில் இரும்புச் சாமான் கடை வைத்தவர். ஆணி, போல்ட், கீல், சங்கிலி நடுவே நான் பிறந்து வளர்ந்தேன். இவர் சங்கிலி மாட்டும் ஷாக்கிள் வாங்க வந்தவர். ஒரு ஷாக்கிளுக்கு மூன்று தரம் வந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இப்போது அந்தக் கடையை நான் நடத்துகிறேன், அவர் கடலுக்குப் போகிறார். இத்தனை வருஷம் போல்ட் விற்றும், ஒரு படகு கரையில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. யோசிக்க ஆரம்பித்ததும் எனக்கு வேறு எதிலும் புத்தி போகவில்லை.

ஜெட்டி கட்டியவர்கள் படகு கட்ட இரும்பு வளையம் பதித்துத்தான் போனார்கள். உப்புத் தண்ணீர், அனல்மின் நிலையத்திலிருந்து வரும் வெந்நீர், மேலே படிகிற சாம்பல் எல்லாம் சேர்ந்து ஒரே வருஷத்தில் அதை பொரித்த அப்பளம் மாதிரி ஆக்கிவிட்டன. விரலால் நிமிண்டினால் உதிர்ந்தது. அதனால் எல்லாரும் பழையபடி ஆளுக்கொரு கம்பை நட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

காசிமேடு துறைமுகத்துக்குப் போய்ப் பார்த்தேன். லாஞ்சு எனப்படும் பெரிய விசைப்படகுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வரிசையாக நிற்க, கரையில் குட்டையான இரும்புத் தூண்கள் இருந்தன. படகுகளின் மூக்கில் இரண்டு பக்கமும் கொம்பு நீட்டிய ஓர் இரும்புத் துண்டு இருந்தது. என் கடை விலைப்பட்டியலில் அதற்குக் கிளீட் என்று பெயர், குப்பத்தில் கொம்பு என்றால் போதும். கயிற்றை அந்த இரண்டு கொம்புக்கும் மாற்றி மாற்றி எட்டுப் போட்டுச் சுற்றினால் முடிச்சே வேண்டாம். எவ்வளவு இழுத்தாலும் பிடிக்கும், அவிழ்க்க வேண்டுமென்றால் ஒரு நொடியில் அவிழ்ந்துவிடும். நான் அங்கேயே உட்கார்ந்து ஒரு கயிற்றை வாங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். லாஞ்சில் வலை பின்னிக்கொண்டிருந்தவர் கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு, "இன்னாக்கா, வாங்கப் போறியா, இல்ல வெள்ளாடுறியா?" என்று கேட்டார்.

இதைத்தான் ஜெட்டியில் பதிப்பது என்று தீர்மானித்தேன். ஆனால் எந்த உலோகம்? எஸ்.எஸ். என்றால் துருப் பிடிக்காது, பளபளவென்று அழகாகவும் இருக்கும். பித்தளை கடலுக்கென்றே பிறந்தது. கணவரிடம் இரண்டையும் சொன்னேன்.

"சோக்கா கீது," என்றார். "நாளைக்கு வெச்சா நாளான்னைக்கு இருக்காது."

அது உண்மைதான். எங்கள் பக்கத்தில் ரோட்டோரப் பாதாளச் சாக்கடை மூடியே காணாமல் போகும். எந்த இரும்பைத் திருடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. யாருக்குத் தெரியும் என்று யோசித்தால் ஒரே ஓர் ஆள்தான். வியாசர்பாடிப் பக்கம் காயலான் கடை வைத்திருக்கும், எனக்குச் சித்தப்பா முறை ஆகிற உறவுக்காரர். நேரே போய், "சித்தப்பா, நீங்க எதை வாங்க மாட்டீங்க?" என்று கேட்டேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏ பிள்ள, யாவாரத்தக் கெடுக்கதுக்குன்னே வந்திருக்கியா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் சுவாரசியம் வந்துவிட்டது. "பித்தளையின்னா விடியதுக்கு முன்னால வந்துரும். அலுமினியம் பைக்குள்ள அடங்கிரும். ஒத்தையில தூக்க முடியாம இருக்கணும், தூக்கிட்டு வந்தாலும் டீ செலவுக்குக் காணக் கூடாது. அதத்தான் எவனும் தொட மாட்டான்" என்று சொல்லி, கடையின் பின்பக்கம் கூட்டிப்போனார்.

அங்கே உடைத்த பார்ஜ் என்னும் சரக்குத் தோணி ஒன்றின் சாமான்கள் மலையாகக் கிடந்தன. குவியலுக்கு அடியில் பத்துப் பதினைந்து கொம்புகள், பெயின்ட் மேல் பெயின்டாக அப்பி, யானைத் தந்தம் கணக்காக இருந்தன. எனக்குக் கை பரபரத்தது. ஒவ்வொன்றையும் புரட்டிச் சுத்தியலால் தட்டினேன். டொக்கென்று செத்த சத்தம் கேட்டால் வார்ப்பிரும்பு. கனமாக இருக்கும், வெடுக்கென்று இழுத்தால் உடைந்துபோகும். கணீரென்று கேட்டால் எஃகு. சந்தேகம் வந்தவற்றைக் கிரைண்டரில் லேசாக வைத்துப் பொறியைப் பார்த்தேன். சிவப்பாய்க் குட்டையாகச் சிதறினால் வேண்டாம், வெளுப்பாய் நீளமாகப் பாய்ந்தால் எடுத்துக்கொள்ளலாம். பிறகு கொம்பின் உட்புறத்தைத் தடவினேன். பிசிறு இருந்தால் நைலான் கயிற்றை அறுத்துவிடும். அடியில் இரண்டு கால் விட்டு நடுவே சந்து இருக்கிறதைத் தேடினேன், கயிற்றின் நுனி வளையத்தை அதற்குள் நுழைத்து மாட்டினால் தானாக நழுவாது. மத்தியானச் சாப்பாடும் மறந்து, முகமெல்லாம் துருவோடு நான் இரண்டு கொம்பைப் பொறுக்கி நிமிர்ந்தபோது சித்தப்பா, "மாப்பிள்ளையக் கூட நீ இவ்வளவு பாத்து எடுக்கலியே பிள்ள" என்றார்.

பதிக்கும் நாளில் பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்து டிரில்லிங் மிஷினை ஓட்டினோம். எங்கள் படகின் நீளம், கயிற்றின் கனம், ஏற்றத்துக்கும் வத்தத்துக்கும் தண்ணீர் எவ்வளவு ஏறி இறங்கும் என்பதெல்லாம் பார்த்து, முன்கயிற்றுக்கு ஒன்று, பின்கயிற்றுக்கு ஒன்று என்று இடம் குறித்தேன். ஆங்கர் ஃபாஸ்னர் என் கடைச் சரக்கு. கான்கிரீட்டில் ஓட்டை போட்டு, உள்ளே தட்டி, நட்டை முறுக்கினால் அதுவே விரிந்து கவ்விக்கொள்ளும். கணவர் குனிந்து கொம்பை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. "பரவால்லமே" என்றார். அவர் வாயிலிருந்து அது வந்தால் மற்றவர்கள் மாலை போட்ட மாதிரி.

மறுநாள் சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு ஆசையாகப் பார்க்கப் போனேன். எங்கள் படகு கொம்பில் கட்டியிருந்தது. எங்கள் படகில் பக்கத்து வீட்டுக்காரர் படகு கட்டியிருந்தது. அதில் இன்னொன்று, அதில் இன்னொன்று, அதில் இன்னொன்று. ஐந்து படகும் கைகோத்து நின்றன. ஆளுக்கொரு கம்பு நட்டிருந்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "யோவ், அவங்க கயித்த அவுத்து விடுய்யா முதல்ல!" என்று கணவரிடம் கத்தினேன்.

"இன்னாமே பேசுற? கட்டின கயித்த அவுக்கறதா?" அவர் முகம் நிஜமாகவே மாறிவிட்டது. அப்புறம் மெதுவாகச் சொன்னார். "கரையில உறுதியா ஒண்ணு கீதுன்னா அதுல எல்லாரும்தான் கட்டுவாங்க. நானும் கட்டிக்கீறேன். வேணாம்னு யாரும் சொன்னதில்ல."

காசிமேட்டில் லாஞ்சுகள் ஒட்டிக்கொண்டு நின்றதை என் இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்று கரையைப் பிடிக்க, மற்றதெல்லாம் ஒன்றையொன்று பிடிக்கும். இரும்பையே பார்த்துப் பழகிய புத்தி, படகைப் பார்க்கவில்லை. ஒரு படகுக்குக் கணக்குப் போட்ட கொம்பில் இப்போது ஐந்து படகு தொங்குகிறது. கோபம் எப்போது போனது என்று தெரியவில்லை. கொம்பு தாங்குமா என்கிற கேள்வி மட்டும் மண்டையைக் குடைந்தது. அதை இழுத்துப் பார்த்தால்தானே தெரியும்?

ஐந்து எஞ்ஜினையும் சேர்த்து இழுத்துப் பார்க்கலாம் என்று நான் சொன்னதை முதலில் எல்லாரும் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குப்பமே ஜெட்டிக்கு வந்துவிட்டது. ஐந்து படகையும் மூக்கும் வாலுமாகக் கோத்து, கடைசிக் கயிற்றை ஒரு கொம்பில் மாட்டினோம். கயிறு அறுந்தால் சாட்டையாகச் சுழன்று ஆளை அடிக்கும் என்று எல்லாரையும் விலக்கி நிற்க வைத்து, கயிற்றின் மேல் ஈரச் சாக்கைப் போட்டேன். பக்கத்து வீட்டுக்காரர், "இஸ்துப் பாத்துடலாம் அண்ணி, நீ கொடிய காட்டு!" என்று கத்தினார். முந்தானையை ஆட்டினேன். ஐந்து எஞ்ஜினும் ஒரே நேரத்தில் உறுமின. கறுப்புத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு எழுந்தது.

பத்து எண்ணுகிற நேரம் தாங்கியது. அப்புறம் காலடியில் ஏதோ மளுக்கென்றது. கொம்பு, நாலு போல்ட்டோடும் அடியில் ஒட்டிய சோற்றுப்பானை அளவு கான்கிரீட்டோடும் பிடுங்கிக்கொண்டு பறந்து தண்ணீரில் விழுந்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது. அன்று காற்றே இல்லை. இருந்தும் பொழுது சாய்ந்ததும் கணவர் தலையணையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அடுப்படியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

அழுது முடித்ததும் அந்தப் பள்ளத்தைப் போய்ப் பார்க்கவேண்டும் போல இருந்தது. காலையில் போய்க் கையை விட்டுத் துழாவினேன். இரும்பு தப்புச் செய்யவில்லை. போல்ட் வளையக்கூட இல்லை. அது கவ்விய கான்கிரீட்தான் கூம்பாகப் பிய்ந்துவந்திருந்தது. மேலேயிருந்து கவ்வினால் மேல்தோலைத்தான் கவ்வும். ஜெட்டியின் முழுக் கனத்தையும் பிடிக்க வேண்டுமென்றால் போல்ட் அடிவரை ஊடுருவிப் போய், கீழே ஒரு கனத்த தகட்டில் நட்டுப் போட்டு இறுக்க வேண்டும். என் கடையில் யாராவது வந்து கேட்டிருந்தால் நானே இதைத்தான் சொல்லியிருப்பேன். ஜெட்டிக்கு அடியில் நுழைய வேண்டுமே என்ற சோம்பலில் எனக்கு நானே தோதானதை விற்றுக்கொண்டேன்.

விழுந்த கொம்பைப் பக்கத்து வீட்டுக்காரர் முழுகிக் காலால் தடவிக் கண்டுபிடிக்க, நாலு பேர் கயிறு கட்டித் தூக்கினார்கள். சித்தப்பா கடையிலிருந்து லாரி ஸ்பிரிங் பட்டைத் தகடு வந்தது. வத்தத்தில் ஜெட்டியின் வயிற்றுக்கடியில் படகை நுழைத்து, நாலு பேர் மல்லாக்கப் படுத்துக்கொண்டு, மூஞ்சியில் நண்டு விழ விழ வேலை செய்தார்கள். மேலேயிருந்து நான் போல்ட்டை இறக்குவேன், கீழேயிருந்து "இன்னும் வலது பக்கம் அண்ணி!" என்று குரல் வரும். இந்தத் தடவை ஓரத்தை விட்டுத் தள்ளி, பீம் ஓடுகிற இடமாகப் பார்த்து இரண்டு கொம்பையும் வைத்தேன். நட்டுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த போல்ட்டின் திருகு மரையைச் சுத்தியலால் நசுக்கிவிட்டோம், திருடனாலும் கழற்ற முடியாது, எங்களாலும் கழற்ற முடியாது. கடைசியில் தகட்டுக்கும் போல்ட்டுக்கும் கெட்டியாகத் தார் பூசினோம்.

மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை இழுத்தோம். இரண்டு கொம்பையும் தனித்தனியாக இழுத்தோம். எஞ்ஜின்கள் புகை கக்கின, ஜெட்டி உள்ளங்காலில் அதிர்ந்தது, கொம்பு அசையவே இல்லை. கடைசியில் படாரென்று ஒரு சத்தம். எனக்கு உயிரே போய்விட்டது. பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர் படகின் மூக்கில் இருந்த மரக்கட்டை பிளந்துபோயிருந்தது. "அய்ய, கரைய இஸ்துனு வாங்கடான்னா என் மூக்க இஸ்துனு போறீங்களே!" என்று அவர் கத்த, குப்பமே சிரித்து உருண்டது. நான் கணவரைப் பார்த்தேன். அவரும் சிரித்தார்.

ஐப்பசி பிறந்ததும் முதல் காற்று வந்தது. சாயங்காலம் தலையணையைக் கக்கத்தில் இடுக்கினார்.

"ஏங்க! கண்ணால பாத்தீங்கல்ல? அஞ்சு எஞ்ஜின் இழுத்தும் அசையல."

"அதான்மே பேஜாரு. முன்னல்லாம் நம்ம படகு ஒண்ணு. இப்ப அஞ்சு கீது. நம்ம கொம்புல கட்டிக்கீது. எதுனா ஆச்சுன்னா அஞ்சு வூட்டுக்கு யாரு பதில் சொல்றது?"

நல்லது செய்யப் போய் நாலு வீட்டுக் கவலையும் சேர்ந்துகொண்டதே என்று எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவரோடு சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை. மறுநாள் காலையில் மீன் ஏலம் போகிற இடத்துக்குப் போனேன். மற்ற நாலு படகுக்கார வீட்டுப் பெண்களும் அங்கேதான் கூடை வைத்துக்கொண்டு நிற்பார்கள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். "கயித்தக் கட்டினா அவுக்கக் கூடாதுன்றது உங்க முறை, நான் ஒத்துக்கிட்டேன். அஞ்சு படகுக்கும் சேத்து ஒரே ஆளு பனியில கெடந்து நெஞ்சு இழுத்துச் சாகணும்னு எந்த முறையில இருக்கு?" கூட்டத்துக்கு நடுவில் அழுதுவிட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி கையிலிருந்த இறாலைக் கூடையில் போட்டாள். "அழாத அண்ணி. நாங்க இன்னா, வாணாம்னா சொன்னோம்? எங்க வூட்ல கீறது நல்லாக் குறட்டை வுட்டுக்கினு தூங்குது. இன்னைக்கு அங்க போய் வுடட்டும்." அதற்கு மேல் பேச ஒன்றும் இருக்கவில்லை. காற்று வீசுகிற நாளில் வீட்டுக்கு ஒருவராக முறை வைத்துக்கொள்வது என்று பெண்களே அங்கேயே முடித்துவிட்டார்கள். சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் போர்வையோடு எங்கள் வாசலில் நின்று, "நைனா, என் முறை. நீ வூட்டுக்குள்ள போய்ப் படு. எங்க வூட்டுக்காரி கையில அடி வாங்க என்னால முடியாது" என்றார்.

கணவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அன்று காற்று நன்றாகவே அடித்தது, தகரக் கூரைகள் எல்லாம் தடதடத்தன. படுத்தவர் ஒரு தரம் இருமிவிட்டுத் தூங்கிப்போனார். நான் ஜெயித்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் கண்ணை மூடினால் தூக்கம் வரவில்லை. நட்டு எல்லாம் இறுகத்தான் போட்டோமா? தார் காய்ந்ததா? தகட்டின் வலது மூலை பீமில் சரியாகப் படிந்ததா? வெளுக்க ஆரம்பித்ததும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஜெட்டிக்கு ஓடினேன்.

ஐந்து படகும் இருந்தன. எங்கள் படகில் குந்தியிருந்த பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்துவிட்டார். "இன்னா அண்ணி, அவரு தூங்குறாரா?"

"தூங்குறாரு."

"அப்ப நீ ஏன் வந்த?"

கொம்பின் பக்கத்தில் உட்கார்ந்து கயிற்றின்மேல் கை வைத்தேன். அலை ஏறும்போது ஐந்து படகின் கனமும் என் உள்ளங்கையில் இறுகியது, இறங்கும்போது தளர்ந்தது. தளரும் ஒவ்வொரு தரமும் அடுத்தது இறுகுமா என்று மனம் அடித்துக்கொண்டது. பனித் தண்ணீர் கழுத்தில் வழிந்தது. கடை திறக்கிற நேரமும் தாண்டிப்போயிற்று. கையை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.